மயிலுக்கு எதுகை

அட்டையில் இருந்தது மயில். தோகையை முழுசாக விரித்து, கழுத்தைச் சாய்த்து, ரிசப்ஷன் மேடையில் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இது என்ன பறவை, ஆன்ட்டி?" என்று கேட்டார் எஸ்தர்.

என் மனைவி வசந்தா அட்டையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். உதட்டைக் குவித்து வாய்க்குள்ளேயே எதையோ உருட்டினாள்.

"வெ... வெயில்."

வேலூரில் எந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் பொருந்துகிற பதில்தான். ஆனால் எஸ்தர் கேட்டது வெயிலை இல்லை.

எஸ்தர் வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். என் மகள் வயதுதான் இருக்கும். பக்கவாதம் வந்து வசந்தாவுக்கு வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. கை மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பேச்சுக்காகத்தான் வாராவாரம் ஆம்பூரில் பஸ் ஏறி எஸ்தரிடம் வந்துகொண்டிருந்தோம்.

"புத்தி தெளிவா இருக்கு அங்கிள். வார்த்தையை எங்க வச்சோம்னு தெரியாம தேடுறாங்க, அவ்ளோதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சீப்பு வந்தது. டம்ளர் வந்தது. கோழி வந்தது. பால்காரர் பெயர்கூட வந்துவிட்டது. "செல்வி" என்று மகளின் பெயரை அவள் சொன்ன அன்றைக்கு, செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

சிரிக்காதீர்கள். தலை நரைத்தவனுக்கும் இந்த ஏக்கம் உண்டு.

வசந்தா என்னைக் கூப்பிட "இந்தாங்க" என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தாள். நோய்க்குப் பிறகு அதுதான் முதலில் திரும்பி வந்தது. நான் பூரித்துப்போய் கட்டிலுக்கு ஓடினேன். அடுத்த நிமிடமே நர்ஸைப் பார்த்து "இந்தாங்க" என்றாள். தண்ணீர் பாட்டிலைப் பார்த்து "இந்தாங்க" என்றாள். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள். அப்புறம் அந்தச் சொல்லில் எனக்கு என்ன பங்கு இருக்கிறது?

நான் யார் என்று அவளுக்குத் தெரிகிறதா? சோறு ஊட்டுகிற, தலை வாரிவிடுகிற இந்த மீசைக்காரனை யாரோ ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கத்தை விட்டு எஸ்தரிடம் சொன்னேன். அவர் என் பெயரைக் கேட்டார். மயில்வாகனன் என்றேன்.

"முழுப் பேர் இப்போ கஷ்டம் அங்கிள். 'மயில்' மட்டும் பிடிச்சிடலாம். மத்தது தானா வரும்" என்று சொல்லி அட்டைக் கட்டில் தேடி எடுத்தார். அப்படி வந்ததுதான் அந்த மயில்.

"வெயில்னு சொன்னது நல்ல அறிகுறி. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டாங்க. இதே ஓசையில வர்ற வார்த்தைங்களை வீட்ல வரிசையா சொல்லிட்டே வாங்க. கடைசியில மட்டும் சொல்லாம நிறுத்திடுங்க. வாய் தானா அங்க போய் விழும்" என்றார் எஸ்தர். "எதுகை பிடிக்கிறது உங்க தொழில்தானே?"

எதுகை வியாபாரம்

தொழில்தான். ஆம்பூர் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவன் நான். இதைப் போன வாரங்களிலும் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இன்னொரு தடவை. பேனர் அடிக்கிற மிஷினை யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். படத்துக்குக் கீழே மனசில் நிற்கிற மாதிரி இரண்டு வரி போடுகிறவன் கடைக்குத்தான் கூட்டம் வரும்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் என்னிடம் எதுகை உண்டு. "அண்ணே, மாப்ள பேரு தினேஷு, பொண்ணு பேரு திவ்யா. ரெண்டும் வர்ற மாதிரி சும்மா நச்சுனு போடுங்க" என்பார்கள். டீ வருவதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. ஒரு காதுகுத்துக்கு, "தங்கமே உன் காதில் தோடு, தாய்மாமன் மடியில் நீ ஆடு" என்று எழுதினேன். எழுதியதில் குற்றமில்லை. பேனரில் இடம் போதாமல் கடைசி வார்த்தை மட்டும் தனியாகக் கீழே இறங்கிவிட்டது. இறங்கியது போகட்டும், சரியாகத் தாய்மாமன் போட்டோவுக்கு அடியில் போய் நின்றுவிட்டது. பந்தலுக்கு வந்தவர்கள் எல்லாம் அவர் படத்தையும் அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்த 'ஆடு' என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். மனுஷன் மறுநாள் கடைக்கு வந்து ஆடின ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

ஊருக்கெல்லாம் எதுகை போட்டவன் சொந்தப் பெயருக்கு எதுகை தேடி உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கடை அப்சல் பாய், தோல் பெல்ட்டும் பர்ஸும் விற்கிறவர், என் தோஸ்த். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு, இன்னா இன்னா வச்சிருக்கே?"

"குயில், வெயில், ரயில், துயில், பயில்..."

"துயில்லாம் யாருக்குப்பா தெரியும்? மனுஷங்க பேசற வார்த்தையா சொல்லு. ஜெயில் போடு. ஃபெயில் போடு."

"நல்லா இருக்கு பாய். பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, ஜெயில்ல போடச் சொல்றீங்க."

"அரே, மெயில் இருக்கே! தங்கச்சி ஷூ கம்பெனில இருந்துச்சு இல்ல? அங்க சூப்பர்வைசர் நாள் பூரா மெயில் வந்துச்சா, மெயில் போச்சான்னுதானே கத்துவான்!"

அது நல்ல யோசனைதான். நோய் வருகிற வரைக்கும் வசந்தா ஷூ கம்பெனியில் தையல் லைனில்தான் இருந்தாள். ஷூவின் மேல் தோலைத் தைக்கிற வேலை. தோல் வாசனை அவள் புடவையோடு வீட்டுக்கு வரும். நோய் வந்த பிறகு அந்த வாசனை இல்லாமல் வீடு யார் வீடோ போல இருந்தது.

ரயில் பார்த்தோம்

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். காலையில் காபியோடு அவளை மாடிக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைப்பேன். பயிற்சி அங்கேதான்.

"குயில்" என்று நான் ஆரம்பிப்பேன்.

"குயில்" என்பாள்.

"வெயில்."

"வெயில்." வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

அந்த நேரத்துக்குப் பெங்களூர் பக்கம் போகிற வண்டி ஒன்று வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே இடது கையை நீட்டி "ரயில்!" என்பாள். ஒரு பெட்டி விடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் காபியை வாங்குவாள்.

"குயில், வெயில், ரயில்..." என்று இழுத்துவிட்டு நிறுத்துவேன். என் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டுவேன். மேலும் கீழும் என்னைப் பார்ப்பாள்.

"ஜெயில்."

"நானாடி ஜெயிலு?"

சிரிப்பாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பு. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

அப்சல் பாய் சொன்ன மெயில் வந்தது. ஃபெயில் வந்தது. ஒருநாள் நான் சொல்லாமலேயே "ஒயில்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒயிலாட்டத்தில் வருகிற ஒயில்! எதுகை விற்றுப் பிழைக்கிற எனக்கே அது தோன்றவில்லை. அவள் பிறந்த ஊரில் திருவிழாவுக்கு ஒயிலாட்டம் ஆடுவார்கள், அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கீழே இறங்கிப் போய் சமையல்கட்டில் நின்று அழுதேன். எங்கேயோ மூலையில் கிடந்த ஒயில்கூட அவளுக்குக் கிடைக்கிறது. மயில் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறக்கிறது, என் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

நான் முருகனாக இருந்த கதை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

வசந்தா அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி. விவசாயக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு கம்மி ஆகிவிடுமாம். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது இடித்து, "நீ சொல்லு" என்பார்கள். கல்யாணமான புதிதில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "ஒரே ஒரு தபா சொல்லு, யாருக்குத் தெரியப்போவுது?" என்றால், "சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸில், "வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். இடித்து, "நீ சொல்லு" என்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. இவள் யோசித்து, "முருகன் ஏறிக்கினு போவாரே, அது" என்றாளாம். கேட்டவருக்கு அந்த முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. அடையாள அட்டை வந்தபோது அதில் கணவர் பெயர் முருகன்.

அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. திருத்திக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டும். சாமி பேருதானே" என்று விட்டுவிட்டாள். அது அவளுக்கு வசதியாகவும் போயிற்று. லைன் தோழிகள் போன் செய்தால், "முருகன் கடைக்குப் போய்ட்டாரு" என்று என் எதிரிலேயே ராகம் போட்டுச் சொல்வாள். சொல்லும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். அந்தப் பெண்களுக்கு இன்றைக்கும் நான் முருகண்ணன்தான்.

'இவ்வளவு தெரிந்தவன், பெயரைச் சொல்லவில்லை என்று ஏனய்யா அழுதாய்?' என்று நீங்கள் கேட்கலாம். நோய் வந்த வாய்க்குச் சம்பிரதாயம் ஏது என்று நினைத்தேன். தவிர, எஸ்தர் கேட்டது ஒரு பறவையின் பெயரை. என் பெயரை இல்லை.

ஒரு மார்க் போன கதை

செல்விக்கு ராணிப்பேட்டையில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் என் குறையைக் கொட்டினேன். ஒயில்கூட வருகிறது, மயில் வரவில்லை என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா எப்பப்பா மயில்னு சொல்லியிருக்காங்க?"

"இன்னாடி சொல்ற?"

"எனக்கு ரெண்டாங் கிளாஸ் பரிட்சைல ஒரு மார்க் போச்சே, ஞாபகம் இல்ல? நம்ம தேசியப் பறவை எதுன்னு கேட்டாங்க. அம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே தோகைக்கோழின்னு எழுதிட்டு வந்தேன். மிஸ் பெருசா தப்பு போட்டுட்டாங்க."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தாத்தா நெலத்துல வேர்க்கடலையைக் கொத்த வரும்ல? எல்லாரும் மயிலு மயிலுன்னு கத்துவாங்க. அம்மா மட்டும், 'தோகக்கோழி வந்துச்சு, தொரத்துங்க'ம்பாங்க. நான் சண்டை போட்டதுக்கு, 'நீ எழுதலாம்டி, நான் சொல்லக்கூடாது'ன்னு வெக்கப்பட்டு சிரிச்சாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆம்பூர் கடைத்தெருவில் மயிலா மேய்கிறது? எங்கள் இருவருக்கும் மயிலைப் பற்றிப் பேச என்ன அவசியம் வந்தது? என் பெயரைச் சொல்ல மாட்டாள் என்று தெரியும். அந்தப் பெயருக்காக ஒரு பறவையையும் சேர்த்து இத்தனை வருஷம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஆனால் சந்தோஷம் முழுசாக வரவில்லை. வசந்தா அந்த வார்த்தையை மறந்ததால் சொல்லவில்லையா, சொல்லக்கூடாது என்று ஞாபகம் இருப்பதால் சொல்லவில்லையா? மறந்திருந்தால் நானும் அதோடு போனேன். ஞாபகம் இருந்தால், நான் யார் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இதுக்கு ஏன்பா யோசிக்கிற? நான் போய் அம்மாகிட்ட தோகக்கோ..." என்று செல்வி எழுந்தாள்.

"வாயை மூடுடி!"

அவளை நான் அப்படி அதட்டி வருஷக்கணக்கு ஆகிறது. பாவம், பயந்துவிட்டாள். உட்கார வைத்துச் சொன்னேன். நாம் எடுத்துக் கொடுத்தால் அவள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிவிடுவாள். அது நம்முடைய வார்த்தையாகிவிடும். வந்தால் அவளிடமிருந்தே வரட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது. எஸ்தரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆசையில் கேட்டுவிடுவார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு! வாயில் வருகிற வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாடியில் குயில், வெயில், ரயில் என்று வரிசை சொல்லும்போதெல்லாம் தோகைக்கோழி நாக்கு நுனியில் வந்து நிற்கும். காபியைக் குடித்து விழுங்குவேன். கொஞ்ச நாளைக்கே எனக்கு இப்படி ஆயிற்றே, கல்யாணமான நாள் முதல் இவள் எப்படிச் சமாளித்தாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னா?" என்பது போலத் தலையை ஆட்டுவாள். ஒன்றுமில்லை என்று நானும் தலையை ஆட்டுவேன்.

மறுபடியும் அந்த அட்டை

சில வாரம் அந்த அட்டையை எடுக்காமல் விட்டிருந்தார் எஸ்தர். அன்றைக்கு எடுத்தார்.

"ஆன்ட்டி, இது என்ன பறவை?"

வசந்தா அட்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"குயில்... வெயில்... ரயில்..." என்று எஸ்தர் எடுத்துக் கொடுத்து நிறுத்தினார்.

வசந்தா வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். இடது கையால் முந்தானையைத் தேடி எடுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடையாள அட்டை வந்த அன்றைக்குப் பொத்திய மாதிரியே.

"தோ..." என்றாள்.

நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். முருகா, முருகா என்று மனசு அடித்துக்கொண்டது.

"தோக... தோகக்கோழி."

"கோழி இல்ல ஆன்ட்டி. கோழி முன்னாடியே பாத்தோமே, அது வேற" என்று சொல்லிக்கொண்டே எஸ்தர் பேனாவைத் தாளில் வைத்தார்.

"மேடம்! தப்பு போட்டுடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறைக் கதவு திறந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எஸ்தர் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அணைக்கட்டு, வேர்க்கடலை, செல்விக்குப் போன மார்க், எல்லாம்.

எஸ்தர் சிரித்தார். பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு என்கிட்ட அட்டை இல்லையே, அங்கிள்" என்றார். வசந்தா பக்கம் திரும்பி, "சரி, பறவையை விடுங்க ஆன்ட்டி. எனக்காக ஒரே ஒரு தடவை. இவர் பேர் என்ன?" என்று கேட்டார்.

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது. ஓரக்கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"முரு... முருகன்" என்றாள்.

எஸ்தர் குழப்பத்தோடு தாளைப் பார்த்தார். "அங்கிள், இதுல மயில்வாகனன்னு இருக்கே? இது தப்பாச்சே?"

"சரிதாம்மா. ரெண்டும் சரிதான். ரெண்டுத்துக்கும் டிக் போடுங்க."

"எப்படி அங்கிள்?"

அடையாள அட்டை கதையை நான் ஆரம்பிப்பதற்குள் வசந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தாங்க" என்றாள்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் பாட்டிலும் மேஜை மேல்தான் இருந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"பஸ்ஸு" என்றாள்.